பம்ப்காரர் தூங்கவில்லை

எங்கள் பழைய மேனேஜர் பொய் எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதியதல்ல. தெரிந்தே எழுதியிருக்கிறார்.

நாங்கள் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியின் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போட்டார்கள். வழவழப்பான தாள், முதல் பக்கத்தில் முதலாளியின் படம். மேனேஜர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. அவரிடம் போய் அனுபவக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அவரும் எழுதித் தந்துவிட்டார். இந்த வட்டாரத்திலேயே முதலில் வாக்கி டாக்கி வைத்திருந்தது எங்கள் டேனரிதானாம், அதைக் கொண்டுவந்தது அவர்தானாம். இருக்கட்டும். அதற்குக் கீழே இருக்கிறது விஷம். ‘ஆற்றுக் கிணற்றுப் பம்ப்காரர் பணி நேரத்தில் உறங்கிவிட்டதால் ஒரு லாட் தோல் முழுவதும் வீணாயிற்று. கருவி எத்தனை நவீனமானாலும் கையாள்பவன் விழித்திருக்க வேண்டும்.’

அந்தப் பம்ப்காரர் உயிரோடு இருக்கிறார். ஆம்பூரில்தான் இருக்கிறார். அவருடைய பேத்தி வேலூரில் நர்ஸ். அவள்தான் மலரை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். கேட்டுவிட்டு அவர், “வுடும்மா, பழைய கத” என்றாராம். அவர் விடுவார். நான் விடமாட்டேன். அன்றைக்கு அந்த வாக்கி டாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்டோர் கிளார்க் நான்.

எண்பதுகளின் தொடக்கம். டேனரிக்குத் தண்ணீர் பாலாற்று மணலுக்குள் வெட்டிய கிணற்றிலிருந்து வரும். கிணற்றுக்கும் டேனரிக்கும் நடுவில் மணல், முள்காடு, ரயில் பாதை. மோட்டாரைப் போடு, நிறுத்து என்று சொல்ல சைக்கிளில் ஆள் போக வேண்டும். மணலில் சைக்கிள் ஓடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். முதலாளி வெளிநாட்டுத் தோல் கண்காட்சிக்குப் போனபோது மூன்று செட் வாங்கி வந்தார். லைசென்ஸ் வருகிறவரை அவை என் பீரோவில் தூங்கின. தூங்கியது அவை மட்டும்தான்.

ஒரு செட் மேனேஜருக்கு. ஒன்று, தோலைப் போட்டுச் சுற்றும் டிரம்கள் இருக்கிற டிரம் யார்டின் மேஸ்திரிக்கு. அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்போம். மூன்றாவது கிணற்றில் பம்ப்காரருக்கு. சார்ஜ் போடுவது, பழுது பார்ப்பது என் தலையில்.

என்ன பழுது என்று கேட்டால் சிரிப்பீர்கள். பாதி பழுது மனிதர்கள் செய்தது. பாய் பொத்தானை அமுக்கிப் பேசுவார், பேசி முடித்த பிறகும் அமுக்கியே வைத்திருப்பார். பதில் எப்படி வரும்? பொத்தானை விட்டால்தான் மற்றவர் பேசுவது காதில் விழும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

“வுட்டா லைன் கட்டாயிடும்பா.”

“கட்டாகாது பாய். இது போன் இல்ல.”

“போன் இல்லன்னா இன்னாத்துக்கு பேசறது?”

டிரம் யார்டு ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. ஏரியலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல. அதே ஏரியலால் முதுகு சொறிவார்கள். அது வேரோடு ஆடிப்போய்ப் பேச்சு விட்டுவிட்டு வரும். உப்புப் போட்ட தோல் கிடக்கிற இடத்தில் எந்த உலோகம்தான் நல்லபடி இருக்கும்? பேட்டரி தொடுகிற இடம் பச்சையாகப் பூத்துவிடும். டைப்பிஸ்ட் அம்மாவிடம் இங்க் ரப்பர் கடன் வாங்கித் தேய்த்துத் தேய்த்து எடுப்பேன். தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தண்ணீர் படாமலிருக்க பாயின் செட்டையும் பம்ப்காரர் செட்டையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிவைத்தேன். பார்க்க அசிங்கம். ஆனால் வேலை செய்தது.

பம்ப்காரர் ஒருவர்தான் செட்டைக் கோழிக்குஞ்சு மாதிரி வைத்திருந்தார். “ஐயா, கெணத்துலேர்ந்து பேசறேங்க” என்று ஆரம்பிப்பார். முடிக்கும்போது ‘ஓவர்’ சொல்லச் சொன்னார் மேனேஜர். அவருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. “வெச்சிடட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு, யாராவது சரி என்று சொல்லும்வரை காத்திருப்பார். அப்படிப்பட்ட ஆள்.

மேனேஜர் இரண்டு சட்டம் போட்டார். இரண்டும் முக்கியம், கவனியுங்கள். முதல் சட்டம்: உத்தரவு இல்லாமல் மோட்டார் போடக்கூடாது. ஒருமுறை தொட்டி வழிந்து பச்சைத்தோல் கிடங்குக்குள் தண்ணீர் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த சட்டம் அது. ‘சொல்லாம ஸ்விட்ச்சைத் தொட்டா வேலை போயிடும்’ என்றார். இரண்டாவது சட்டம்: மேனேஜர் லைனில் இருக்கும்போது வேறு யாரும் பொத்தானை அமுக்கக்கூடாது. அவர் பேசி முடிக்கிறவரை காத்திருக்க வேண்டும். பாய் இந்தச் சட்டத்தை அப்போதே மறந்துவிட்டார். பம்ப்காரர் மறக்கவில்லை.

அடுத்தது உறை. தோல் வியாபாரம் செய்கிறவர்கள் எதைப் பார்த்தாலும் அதற்கு ஓர் உறை தைக்காமல் விடமாட்டார்கள். கண்ணாடிக்கு, பேனாவுக்கு, டார்ச்சுக்கு, ஏன், எங்கள் சர்ச்சில் பாதி வேதாகமங்களுக்கு எங்கள் டேனரித் தோல்தான் உறை. மேனேஜர் தன் செட்டுக்கும் ஒன்று கேட்டார். ஷூ பிரிவில் இருந்த ஒருவர் அளவெடுத்துத் தைத்தார். அமுக்குகிற பொத்தானுக்கு ஒரு துளை, சிவப்பு விளக்குக்கு ஒரு துளை. பொத்தானை அமுக்கினால் அந்த விளக்கு எரியும். பேச்சு வெளியே போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மேனேஜருக்குத் துளை பிடிக்கவில்லை. “இன்னாய்யா இது, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி. மூடித் தை. மேலேர்ந்து அமுக்கினா அமுங்கும்ல?” என்றார். வெளிநாட்டு பையர் வந்தால் காட்ட வேண்டும் அல்லவா. பட்டையில் பதனிட்ட கெட்டித் தோலை ஈரமாக்கி, செட்டின் மேலேயே இழுத்து ஒட்டிப் படியவைத்து, மறுபடியும் தைத்துக் கொடுத்தார்கள். பேச்சுக்குச் சல்லடை மாதிரி பொடித் துளைகள், மேலே திருகுக்கு மட்டும் திறப்பு. விளக்கு உள்ளே போய்விட்டது. பொத்தானும் உள்ளே போய்விட்டது. அழகாகத்தான் இருந்தது. அதை யார் இல்லையென்றார்கள்?

ஐப்பசி மழை நேரம். மேனேஜர் சுண்ணாம்புக் குழிப் பக்கம் சுற்றிவிட்டு நனைந்து வந்தார். இடுப்பில் உறையோடு செட்டும் நனைந்திருந்தது. மறுநாள் காலை சுள்ளென்று வெயில். வண்டியில் வந்து இறங்கியவர் உறையோடு செட்டை எடுத்து ஜீப் பானெட் மேல் வைத்தார், காயட்டும் என்று. கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில்.

ஆம்பூரில் செருப்பு நனைந்தால் என்ன செய்வோம்? உள்ளே பேப்பரைத் திணித்து நிழலில் வைப்போம். அவசரப்பட்டு அடுப்பங்கரையில் வைத்தவன் மறுநாள் அதில் கால் நுழைக்க முடியாமல் கையில் தூக்கிக்கொண்டு நடப்பான். இது தோல் படித்துப் பட்டம் வாங்கிய மேனேஜருக்குத் தெரியாதா? தெரியும். தன் தோலுக்கு மட்டும் அந்த விதி இல்லை என்று நினைத்துவிட்டார். உறை சுருங்கியது. சுருங்கி, உள்ளே இருந்த பொத்தானைக் கட்டைவிரல் மாதிரி அமுக்கிப் பிடித்துக்கொண்டது. அதை அப்படியே எடுத்துப் போய் மாடி அறையில் மேசை மேல் வைத்து, திருகைத் திருப்பி ஆன் செய்தார். விளக்கு எரிந்திருக்கும். யாருக்குத் தெரியும்?

அன்று காலை கரண்ட் இல்லை. டேனரியில் டிரம் ஓட்டுகிற அளவுக்கு ஜெனரேட்டர் உண்டு, கிணற்றில் கிடையாது. டிரம்மில் ஆட்டுத்தோல் ஓடிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பை எடுத்த பிறகு தோலை மெத்தென்று ஆக்க ஒரு மருந்து போட்டுச் சுற்றுவார்கள். நேரத்துக்குத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். நேரம் தவறினால் மருந்து தோலையே தின்னத் தொடங்கிவிடும். தொட்டியில் தண்ணீர் அடியில் கிடந்தது. கரண்ட் வழக்கம்போல வந்துவிடும் என்று பாய் ஓட்டினார். தினமும் அப்படித்தான் ஓட்டினோம். கரண்டும் வந்துவிட்டது. ஸ்டோரில் என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் பாய் ஆள் அனுப்பினார். நான் டிரம் யார்டுக்குப் போனேன்.

“ஸ்டோர் தம்பி, இந்த சனியன் இன்னாவோ பேசுது. கெணத்த கூப்புட்டா பதிலே இல்ல. பேஜாரா போச்சு.”

பேட்டரியை மாற்றினேன். ஏரியலை முறுக்கினேன். இரைச்சல் குறைக்கிற திருகைத் திருப்பினேன். நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. பிறகு தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவது போல, மேனேஜரின் குரல்.

“...உக்கார முடியல மச்சான். துத்தி எலைய வதக்கிக் கட்டச் சொன்னான் ஒருத்தன். கருணைக்கிழங்கு துன்னச் சொன்னான் இன்னொருத்தன். ரெண்டும் செஞ்சாச்சு. ரத்தம் ஜாஸ்தியாத்தான் ஆவுது, கம்மி ஆவல.”

டிரம் பக்கம் நின்ற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

“ரேடியோவுல மருத்துவ நேரமா இது?”

“ஆமா. அடுத்தது விவசாயிகளுக்கு.”

“டேய், கேளுடா, நம்ம மாமனுக்கும் இதே கம்ப்ளெய்ன்ட்டுதான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு செட் பேசிக்கொண்டே இருந்தால் மற்ற செட்டுகள் கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. மாடியிலிருந்து வருகிற பலத்த பேச்சுதான் கிணற்றிலும் கேட்கும். பாய் கூப்பிட்டது அதன் அடியில் அமுங்கிப்போகும். ஒருவனைச் சைக்கிளில் கிணற்றுக்கு விரட்டிவிட்டு நான் மாடிக்கு ஓடினேன்.

அறைக்குள் மேனேஜரும் அவருடைய மைத்துனரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், உங்க செட்டு அமுங்கியிருக்கு.”

“நான் கையே வெக்கலியே. மேஜை மேல இருக்கு பாரு.”

“கை வெக்காமலே அமுங்கியிருக்கு சார். லைன் ஃபுல்லா நீங்கதான் இருக்கீங்க.”

“ஆன்லதான் இருக்கணும். நீ போ, பெரியவங்க பேசிக்கினு இருக்கோம்.”

“பேசறதுதான் சார் கேக்குது. டிரம் யார்டுல எல்லாருக்கும் கேக்குது. துத்தி எலை வரைக்கும் கேட்டாச்சு.”

மைத்துனர் காபியை மடியில் கொட்டிக்கொண்டார். மேனேஜர் செட்டைப் பிடித்துத் திருகி ஆஃப் செய்தார். நான் கேட்காமலே அதை எடுத்து உறையின் பட்டனைப் பிரித்தேன். எளிதில் வரவில்லை. நகம் கொடுத்து உரித்தேன். உள்ளே பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது. உறையின் உள்பக்கத்தைத் திருப்பி அவரிடம் காட்டினேன். பொத்தான் பதிந்த இடம் வட்டமாக, பளபளவென்று, குழிந்து இருந்தது. அவர் பார்த்தார். மைத்துனரும் பார்த்தார். பார்த்ததும் மேனேஜர் உறையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். இதைத்தான் நான் சொல்கிறேன். அவருக்குத் தெரியும்.

லைன் விடுபட்டதும், சைக்கிள் ஆள் போய்ச் சேரும் முன்பே, பாய் கிணற்றைக் கூப்பிட்டார், மோட்டார் ஓடியது, தண்ணீர் வந்தது. எல்லாம் வந்தது. பாய் டிரம்முக்குள் கைவிட்டு ஒரு தோலை இழுத்து, கட்டைவிரல் நகத்தால் கீறினார். வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி மேல்பக்கம் கழன்று வந்தது. “போச்சு” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பேக்கிங் ஹாலில் விசாரணை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை, ஏன் என்று எங்களுக்குத் தெரியும். ஃபினிஷிங்கில் வேலை செய்கிற பெண்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் நின்றார்கள்.

மேனேஜர் வாய் கூசாமல் சொன்னார்: கரண்ட் வந்தும் பம்ப்காரன் மோட்டார் போடவில்லை, கூப்பிட்டும் பதில் இல்லை, தூங்கிவிட்டான்.

பம்ப்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “தூங்கலீங்க. ஐயா லைன்ல இருந்தீங்க. நீங்க இருக்கசொல்ல நான் அமுக்கக் கூடாதுங்களே. உத்தரவு வரும்னு செட்ட காதுல வெச்சினே இருந்தேங்க.”

“நான் லைன்லயே இல்ல” என்றார் மேனேஜர்.

முதலாளி கெட்டவர் இல்லை. நியாயமாகத்தான் ஒரு கேள்வி கேட்டார். “சரிப்பா. அவரு லைன்ல இருந்தாருன்னா இன்னா பேசினாரு? அத சொல்லு, நம்பறேன்.”

ஒரே ஒரு வார்த்தை போதும். துத்தி இலை என்று சொன்னால் போதும், அவர் வேலை தப்பியிருக்கும். கிணற்றில் தூங்கியவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? பம்ப்காரர் மேனேஜரைப் பார்த்தார். அந்தப் பெண்களைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“அது ஐயாவோட சொந்த விஷயங்க. சபையில சொல்லக் கூடாதுங்க.”

“பாத்தீங்களா?” என்றார் மேனேஜர். “தூங்கினவனுக்கு இன்னா தெரியும்?”

நான் முன்னால் போனேன். பம்ப்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். “வேணாம் தம்பி. மனுசன் மானம்.” நான் உதறிக்கொண்டு பேசினேன், அவருக்காகத் துத்தி இலையை மட்டும் விட்டுவிட்டு. உறை சுருங்கிப் பொத்தான் அமுங்கியிருந்தது, உறையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், உள்ளே தடம் இருக்கிறது என்றேன். உறை வீட்டில் இருக்கிறது என்றார் மேனேஜர். இவன் பேட்டரியைச் சரியாகச் சார்ஜ் போடுவதில்லை, அதை மறைக்கப் பேசுகிறான் என்றார். முதலாளி பாயைக் கேட்டார். பாய் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். “இரைச்சல்தான் கேட்டுது மொதலாளி” என்றார். டிரம் யார்டு ஆட்கள் ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். முந்தினநாள் அத்தனை சிரிப்புச் சிரித்தவர்கள்.

பம்ப்காரருக்கு அன்றே வேலை போனது. என்னைச் சுண்ணாம்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். என் கதை கிடக்கட்டும். தூங்கினான் என்று பெயர் எடுத்தவனை யார் மோட்டாருக்கு வைப்பார்கள்? யார் வாட்ச்மேனாக வைப்பார்கள்? வாணியம்பாடியில் ஈரத்தோல் சுமை தூக்கினார். முதுகு போகிறவரை தூக்கினார். ‘தூங்குமூஞ்சிப் பம்ப்பு’ என்று பெயர் வைத்தார்கள், மகனைப் பள்ளிக்கூடத்தில் அதே பெயரில் கூப்பிட்டார்கள். எல்லாம் ஓய்ந்து மறந்துபோன பிறகு, அச்சில் போட்டுப் பேத்தி கையில் கொடுத்திருக்கிறார் மேனேஜர்.

பம்ப்காரர் அன்று காப்பாற்றிய மானத்தை நான் காப்பாற்றப் போவதில்லை. அதனால்தான் துத்தி இலையை இங்கே எழுதியிருக்கிறேன். மூலம் வருவது குற்றமில்லை, யாருக்கும் வரும். அதை மறைக்க இன்னொருவன் சோற்றில் மண்ணைப் போட்டதுதான் குற்றம்.

ஐயா மேனேஜர் அவர்களே, உங்கள் கட்டுரையோடு ஒரு படமும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு ஷோகேஸ், அதற்குள் அந்த செட், அதே உறையோடு. ‘நினைவுச் சின்னம்’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். மலரை வெளியிட்ட அதே ஹாலுக்கு, அதே மேடைக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் தோல் பார்த்துப் பிழைத்தவர்கள். தோலில் ஒருமுறை பதிந்தது போகாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உறையைப் பிரித்து அவர்கள் கையில் கொடுங்கள், விரலை விட்டுத் தடவிப் பார்க்கட்டும். பம்ப்காரரை முன்வரிசையில் உட்காரவைக்க நான் அழைத்து வருகிறேன்.

வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேசாதீர்கள். என் காதில் வந்து சொல்லாதீர்கள். மைக்கில் சொல்லுங்கள்: அந்த உறைக்குள் பொத்தானின் தடம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால், அன்று தூங்கியது யார்?